காக்பிட்ல தேங்குற தண்ணி

மழை பெய்ஞ்சா சில வீட்டு பால்கனியில தண்ணி அப்படியே நிக்கும். சரிவு ஒரு மூலைக்கு, வடிகால் ஓட்டை இன்னொரு மூலைக்கு. அங்கே அதிகபட்சம் கீழ் வீட்டுக்காரர் வந்து சத்தம் போடுவார். இதே தப்பு நடுக்கடல்ல ஒரு பாய்மரப் படகுல இருந்தா? இன்னைக்கு அதைத்தான் பேசப்போறோம்.

படகோட பின்பக்கம், சுக்கான் பிடிக்கிறவர் உட்கார்ற பள்ளமான இடத்துக்குப் பேரு காக்பிட். பார்க்க ஒரு பெரிய தொட்டி மாதிரி. 2 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 40 செ.மீ. ஆழம்னு வெச்சுக்குங்க. ஒரு அலை உள்ளே விழுந்து அது நிரம்பினா 480 லிட்டர், கிட்டத்தட்ட அரை டன். பின்பக்கம் தாழ்ந்துடும், அடுத்த அலை இன்னும் சுலபமா ஏறும். அதனால தண்ணி எவ்வளவு சீக்கிரம் வெளியே போகுதுங்கிறது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சின்னப் படகுகள்ல 25 மி.மீ. ஓட்டை ரெண்டுதான் இருக்கும். கணக்கு போட்டா, நம்ம தொட்டி காலியாக ஏறக்குறைய 10 நிமிஷம். விட்டத்தை 50 மி.மீ. ஆக்கினா பரப்பு நாலு மடங்கு, நேரம் இரண்டரை நிமிஷம். ஆனா ஓட்டையை மட்டும் பெருசாக்கினா போதாது. கீழே இருக்கிற ஹோஸ், வால்வு, வெளியேறும் வாய் எல்லாமே அதே அளவுல இருக்கணும். மேல ஜாலி போட்டா அதுவும் பாதி வழியை அடைச்சுடும்.

இன்னொரு சிக்கல், ஓட்டை இருக்கிற இடம். கரையில கட்டியிருக்கும்போது தண்ணி ஒழுங்கா வடியும். நாலு பேர் பின்னாடி உட்கார்ந்தா படகு சாய்ஞ்சு, தண்ணி வேற மூலைக்குப் போயிடும். அதனால ஆளுங்களை உட்காரவெச்சு ரெண்டு வாளி தண்ணி ஊத்திப் பாருங்க. எங்கே தேங்குதோ, அங்கேதான் ஓட்டை வரணும்.

சரி, இது வேகமா வர்ற ஆபத்து. மெதுவா வர்றது ஒண்ணு இருக்கு. நிறைய படகுகள்ல தரை சாண்ட்விச் மாதிரி: மேலயும் கீழயும் ஃபைபர்கிளாஸ், நடுவுல பால்சா மரம் இல்லேன்னா பிளைவுட். வடிகாலுக்கு ஓட்டை போட்டவங்க அதோட ஓரத்தைச் சீல் பண்ணாம விட்டா, தண்ணி அந்த மரத்துக்குள்ள இறங்கும். வெளியே ஒண்ணும் தெரியாது. உள்ளே மரம் அழுகும். ஒரு நாள் கால் வெச்சா தரை அமுங்கும்.

இதைக் கண்டுபிடிக்க, ஒரு பிளாஸ்டிக் சுத்தியலால லேசா தட்டினா போதும். நல்ல இடம் 'டக்'னு கணீர்னு கேக்கும். அழுகின இடம் மந்தமா 'தொப்'னு கேக்கும். தட்டிக்கிட்டே போய், எல்லை தெரியற வரைக்கும் பென்சில்ல கோடு போடுங்க.

ரிப்பேர்ல வரிசை முக்கியம். முதல்ல தண்ணி வர்ற வழியை நிறுத்தணும். அப்புறம் மேல் தோலை வெட்டி எடுத்து, ஈர மரத்தைச் சுரண்டி, நல்லா காயவிடணும். புது மரத்தை எபாக்சியில ஒட்டி, மேலே திரும்ப ஃபைபர்கிளாஸ் போடணும். புது ஓட்டையைத் தேவையைவிடப் பெருசா குடைஞ்சு, கெட்டியான எபாக்சியால நிரப்பி, காய்ஞ்சதும் நடுவுல சரியான அளவுக்குத் துளை போடணும். இப்போ தண்ணி தொடுறது எபாக்சியை மட்டும்தான், மரத்தை இல்லை. ஸ்க்ரூ ஓட்டைக்கும் இதே வழிதான்.

பலர் அவசரப்பட்டு அமுங்குற இடத்துல சின்னத் துளை போட்டு எபாக்சி ஊத்திட்டு, மேல பெயின்ட் அடிச்சுடுவாங்க. ஈரம் உள்ளேயே மாட்டிக்கும். ரெண்டு சீசன் கழிச்சு அதே தரை, இன்னும் பெரிய அளவுல அமுங்கும்.

உங்களுக்குப் படகு இல்லாம இருக்கலாம். பரவாயில்லை. அடுத்த மழைக்கு உங்க பால்கனியில ஒரு வாளி ஊத்திப் பாருங்க. பெயின்ட் டப்பாவைத் திறக்குறதுக்கு முன்னாடி, தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!