பச்சைப் புள்ளியும் ‘வி’ முத்திரையும்: தாவர இறைச்சி வாங்குமுன் அறிய வேண்டியவை

பட்டாணிப் புரதத்தில் செய்த ‘கீமா’, சோயாவில் செய்த ‘சிக்கன்’ துண்டுகள், பலாக்காயில் செய்த ‘கபாப்’ எனத் தாவர இறைச்சி வகைகள் பல இன்று விற்பனைக்கு வந்துள்ளன. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவே உள்ள ஓசூருக்கு அந்நகரின் புதிய உணவுகள் வந்து சேர நெடுநாள் ஆவதில்லை. எனவே, எங்கள் உணவியல் பிரிவை நாடி வரும் நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் இவை குறித்து இரண்டு வினாக்களை எழுப்புகின்றனர். ஒன்று, “இது சைவந்தானா?” மற்றொன்று, “இதை நோயாளிக்குக் கொடுக்கலாமா?”

இவ்விரண்டும் ஒரே வினாவைப் போலத் தோன்றினும் வெவ்வேறானவை. முதல் வினாவுக்கு உறையின் முகப்பில் உள்ள முத்திரை விடை தரும். இரண்டாவது வினாவுக்கு உறையின் பின்புறத்து அட்டவணையும் நோயாளியின் மருத்துவக் குறிப்பேடும் சேர்ந்தே விடை தர இயலும். முத்திரையை மட்டும் பார்த்து முடிவு செய்வதால் நேரக்கூடிய இன்னல்களைத் தவிர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

சைவம் வேறு, நனிசைவம் வேறு

நம் வழக்கில் சைவ உணவு என்பது பால், தயிர், நெய் ஆகியவற்றை உள்ளடக்கியது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதியும் அவ்வாறே அமைந்துள்ளது. பச்சைச் சதுரத்தினுள் பச்சைப் புள்ளி இருப்பின் அவ்வுணவில் இறைச்சி, மீன், முட்டை ஆகியவை இல்லை என்று பொருள். ஆனால் பாலும், பாலிலிருந்து பெறப்படும் பொருள்களும், தேனும் இருக்கலாம். பழுப்புச் சதுரத்தினுள் பழுப்பு முக்கோணம் இருப்பின் அது அசைவம். முட்டை சேர்ந்த உணவும் இவ்வகையிலேயே அடங்கும்.

‘வீகன்’ என்னும் சொல் 1944ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தோன்றியது. தமிழில் இதனை ‘நனிசைவம்’ என்று வழங்குகின்றனர். பால், நெய், தேன் உட்பட விலங்குகளிடமிருந்து பெறப்படும் எதுவும் இதில் இடம்பெறாது. இதற்கென இந்திய அரசு 2022ஆம் ஆண்டு தனி விதிமுறைகளை வெளியிட்டது. மூலப்பொருள்கள் மட்டுமன்றி, சுவையூட்டிகள், நொதிகள், தயாரிப்பின்போது பயன்படும் துணைப்பொருள்கள் ஆகியவையும் விலங்கு சார்ந்தவையாக இருத்தல் கூடாது என்பது விதி. இதற்குரிய அடையாளம், தளிருடன் கூடிய பச்சை நிற ‘வி’ எழுத்து.

எனவே, பச்சைப் புள்ளி கொண்ட ஒரு தாவர இறைச்சித் துண்டில் ‘கேசின்’, ‘வே’ எனப்படும் பால் புரதங்கள் இருக்கக்கூடும். பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு இது வெறும் கொள்கை வேறுபாடு அன்று. உயிரோடு தொடர்புடைய செய்தி. ‘வி’ முத்திரையையும் ஒவ்வாமைக்கான உறுதிமொழியாகக் கொள்ள இயலாது. உறையில் ‘கன்டெய்ன்ஸ்’ என்ற சொல்லைத் தொடர்ந்து வரும் பால், கோதுமை, சோயா, நிலக்கடலை முதலிய பெயர்களைப் படித்த பின்னரே அத்தகைய குழந்தைக்கு உணவளிக்க வேண்டும்.

சேர்மானங்களுக்கு எண்களை மட்டும் குறிப்பிடும் வழக்கமும் குழப்பத்தை விளைவித்து வந்துள்ளது. எடுத்துக்காட்டாக, 631 என்ற எண் கொண்ட சுவைகூட்டியைத் தாவரத்திலிருந்தும் பெறலாம். இறைச்சி அல்லது மீனிலிருந்தும் பெறலாம். இத்தகைய வழக்கொன்றில் 2021 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம், ஒவ்வொரு சேர்மானமும் தாவரத்திலிருந்து வந்ததா, விலங்கிலிருந்து வந்ததா, ஆய்வகத்தில் உருவானதா என்பதை உற்பத்தியாளர்கள் தெரிவிக்க வேண்டும் என ஆணையிட்டது.

இறைச்சி மாற்று நமக்குப் புதிதன்று

புரட்டாசி மாதத்தில் புலால் தவிர்க்கும் வீடுகளிலும், தொழிற்சாலை உணவகங்களிலும் பழகிப்போன மீல் மேக்கர் ஒரு தாவர இறைச்சியே. சோயாவிலிருந்து எண்ணெயைப் பிரித்தபின் எஞ்சும் மாவை, நீர் சேர்த்து வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் உட்படுத்தி உருண்டைகளாக வெளித்தள்ளுகின்றனர். 100 கிராம் உலர் மீல் மேக்கரில் ஏறத்தாழ 50 கிராம் புரதம் உள்ளது. ஒருவர் ஒரு வேளைக்கு 25 கிராம் அளவு எடுத்துக்கொண்டால் 12 கிராமுக்கு மேல் புரதம் கிட்டும். இரண்டு கோழி முட்டைகளிலிருந்து கிடைப்பதும் இதே அளவுதான்.

அண்டை மாநிலத்து மைசூரில் 1950ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவுடன் கடலை மாவைச் சேர்த்து, வைட்டமின்களும் கால்சியமும் கலந்த சத்துணவு மாவொன்றை உருவாக்கியது. ஏழை எளியோரின் புரதக் குறையைப் போக்குவதே அதன் நோக்கம். இறைச்சியைப் போன்ற தோற்றத்தை அவ்வறிஞர்கள் நாடவில்லை, சத்தையே நாடினர். இன்று கடைகளில் உள்ள பொருள்களையும் அதே அளவுகோலால் மதிப்பிடுவது நன்று.

தோற்றம் இறைச்சியை ஒத்திருப்பதால் சத்தும் ஒத்திருக்கும் என்று எண்ணுதல் ஆகாது. பலாக்காய், காளான் ஆகியவை வாயில் இறைச்சி போன்ற உணர்வைத் தரினும், 100 கிராமுக்கு இரண்டு அல்லது மூன்று கிராம் புரதமே தருகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பின் புண் ஆறுவதற்குப் புரதம் மிகுதியாகத் தேவைப்படும் ஒருவர், கோழிக்குப் பதிலாகப் பலாக்காய்ப் பிரியாணி உண்டு மன நிறைவு கொண்டால், உடலின் தேவை நிறைவேறாது. பருப்பு, கொண்டைக்கடலை, மீல் மேக்கர் ஆகியவற்றுள் ஒன்றையேனும் அவர் உடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உப்பைக் கவனியுங்கள்

நாளொன்றுக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இது சுமார் ஐந்து கிராம் உப்புக்குச் சமம். உலர் மீல் மேக்கரில் சோடியம் மிகக் குறைவு. ஆனால் மசாலா சேர்த்துப் பதப்படுத்திய தாவர இறைச்சிகளின் நிலை வேறு. அமெரிக்காவில் பெயர்பெற்ற தாவர பர்கர்களில் 113 கிராம் எடையுள்ள ஒரு வட்டில் 350 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருந்துள்ளது. ஊறுகாய், அப்பளம், சாஸ் ஆகியவற்றையும் சேர்த்தால் ஒரு வேளையிலேயே அளவு எல்லையை நெருங்கிவிடும். இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ‘சோடியம்’ என்ற வரியையே. தேங்காய் எண்ணெய் சேர்த்த வகைகளில் நிறைவுற்ற கொழுப்பும் கூடுதலாக இருக்கும்.

இவற்றால் நன்மையே இல்லையா எனில், உண்டு. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 36 பேரைக் கொண்டு நடத்தி, 2020இல் வெளியிட்ட ஆய்வில், அவர்கள் எட்டு வாரங்கள் இறைச்சியும் எட்டு வாரங்கள் தாவர இறைச்சியும் உண்டனர். தாவர இறைச்சி உண்ட காலத்தில் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். அளவு குறைந்தது. எனினும், இரண்டு செய்திகளை உடன் நினைக்க வேண்டும். அந்த ஆய்வுக்கு நிதி அளித்தது தாவர இறைச்சி தயாரிக்கும் நிறுவனம். மேலும், ஒப்பீடு இறைச்சியோடுதான் செய்யப்பட்டதே தவிர, நம் வீட்டுக் கொள்ளுக் குழம்போடும் பிதுக்கம் பருப்போடும் அன்று.

யார் மருத்துவரிடம் கேட்டே உண்ண வேண்டும்?

சிறுநீரக நோயாளிகள் இவ்வரிசையில் முதலாமவர். சோயாவில் புரதத்துடன் பொட்டாசியமும் பாஸ்பரஸும் மிகுதி. டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்லப்படலாம். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குக் கூட்டச் சொல்லப்படலாம். எனவே, ஒரு நோயாளிக்குக் கூறிய அளவை மற்றொருவர் பின்பற்றுதல் தவறு.

தைராய்டு குறைபாட்டுக்கு மாத்திரை உட்கொள்வோர், சோயா உணவால் மாத்திரை உடலில் சேர்வது குறையக்கூடும் என்பதை அறிதல் வேண்டும். சோயாவை விலக்க வேண்டியதில்லை; மாத்திரைக்கும் சோயா உணவுக்கும் இடையே சில மணி நேர இடைவெளி விட்டால் போதும். கோதுமைப் புரதமாகிய குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயாளிகள், கோதுமைப் புரதத்தில் செய்த இறைச்சி வகைகளை அறவே தவிர்க்க வேண்டும்.

மறக்கக் கூடாத பி12

நனிசைவ உணவு முறையில் பெருங்கவனம் வேண்டுவது வைட்டமின் பி12 குறித்தே. நாளொன்றுக்கு இரண்டு மைக்ரோகிராம் அளவே தேவை எனினும், தாவரங்களிலிருந்து அதனை நம்பத்தக்க வகையில் பெற இயலாது. சைவ உணவினருக்குப் பாலும் தயிருமே இதன் முதன்மை ஊற்று. அவற்றையும் கைவிடுவோர் மருத்துவர் அறிவுரைப்படி பி12 மாத்திரை எடுத்துக்கொள்வது இன்றியமையாதது. இட்லி மாவின் புளிப்பும் ஸ்பைருலினாவும் இதற்கு ஈடாகா.

கல்லீரல் இச்சத்தைச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருப்பதால் குறைபாடு உடனே வெளிப்படுவதில்லை. பின்னர்ச் சோர்வு, இரத்தசோகை, கை கால் மரத்துப்போதல், மறதி ஆகியவை மெல்லத் தோன்றும். காலத்தே கண்டறிந்தால் மாத்திரையாலோ ஊசியாலோ சரிசெய்யலாம். நெடுநாள் கவனியாது விட்டால் நரம்புப் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும். நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொள்வோருக்கு இம்மருந்தாலும் பி12 அளவு குறைய வாய்ப்புண்டு. கால் மரத்துப்போவதை ‘எல்லாம் சர்க்கரையால்தான்’ என்று கருதி இவர்கள் வாளாவிருத்தல் கூடாது. கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும் நனிசைவர்களாயின், குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கருதி இதனைக் கட்டாயம் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

பாலை விடுவோர் கால்சியத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இதற்கு நம் வட்டாரத்துக் கேழ்வரகே துணை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உள்ளது.

மருந்தும் நனிசைவமும்

உணவில் உறுதியாக இருப்போர் சிலர், மருந்திலும் விலங்குப் பொருள் இருக்குமோ என அஞ்சுகின்றனர். அவ்வச்சம் அடிப்படையற்றதன்று. பல மருந்துக் குப்பிகளின் மேலுறை விலங்கு ஜெலட்டினால் ஆனது. மாத்திரைகளில் பால் சர்க்கரையாகிய லாக்டோஸ் கலந்திருக்கும். வைட்டமின் டி3 பெரும்பாலும் ஆட்டுக் கம்பளியின் கொழுப்பிலிருந்து பெறப்படுகிறது. இரத்தம் உறையாமல் காக்கும் ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. முன்னாளில் மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து பெறப்பட்ட இன்சுலின், இப்போது நுண்ணுயிரிகளைக் கொண்டு உருவாக்கப்படுகிறது.

இக்காரணம் பற்றி எம்மருந்தையும் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். ‘இயன்ற அளவு, நடைமுறைக்கு ஒத்த அளவு’ விலங்குப் பொருள்களைத் தவிர்ப்பதே நனிசைவம் என அவ்வியக்கத்தினரே வரையறுத்துள்ளனர். உயிர்காக்கும் மருந்தை மறுக்குமாறு அக்கொள்கை கூறவில்லை. உங்கள் விருப்பத்தை மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் தயங்காது கூறுங்கள். மாற்று மருந்து இருப்பின் அவர்கள் எடுத்துரைப்பர்.

வாங்குமுன் நான்கு செயல்கள்

உறைகளில் விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ அச்சாகின்றன. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் நம் எல்லைப்பகுதி முதியோர் பலருக்கு அது எட்டாத எழுத்து. ஆகவே, வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருவர் இவற்றைச் செய்தல் நலம்.

• முகப்பில் உள்ளது பச்சைப் புள்ளியா, பழுப்பு முக்கோணமா, ‘வி’ முத்திரையா எனப் பாருங்கள்.
• ‘கன்டெய்ன்ஸ்’ என்ற வரியில் பால், கோதுமை, சோயா உள்ளனவா எனப் படியுங்கள்.
• புரதம், சோடியம், நிறைவுற்ற கொழுப்பு ஆகிய மூன்றின் அளவையும் 100 கிராமுக்கு எவ்வளவு என ஒப்பிடுங்கள்.
• ஐயம் இருப்பின், உறையின் இருபுறத்தையும் கைபேசியில் படமெடுத்து, அடுத்த முறை வரும்போது உணவியல் வல்லுநரிடம் காட்டுங்கள்.

தாவர இறைச்சியை உண்பதும் விடுப்பதும் அவரவர் விருப்பம். அறத்தின் பொருட்டுப் புலால் மறுப்போரின் உணர்வை நாங்கள் மதிக்கிறோம். அவ்வுறுதி உடல் நலத்துடன் இணைந்து நீடிக்க வேண்டுமெனில், முத்திரையைப் பார்க்கும் கண் அட்டவணையையும் பார்க்கப் பழக வேண்டும்.