மூளையை எந்தப் படியால் அளப்பது?

ரிப்போர்ட்டில் ஒரு வரி

எழுபது வயதுப் பெரியவருக்குத் தலைச்சுற்றல். கடலூர் மாவட்டத்து வளையமாதேவியிலிருந்து சேத்தியாத்தோப்பு வந்து, அங்கிருந்து சிதம்பரத்துக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ கூட்டிப்போகிறார்கள். ஸ்கேன் எடுக்கிறார்கள். கையில் வரும் ரிப்போர்ட்டின் கடைசியில் ‘ஏஜ் ரிலேட்டட் செரிப்ரல் அட்ராஃபி’ என்று ஒரு வரி இருக்கிறது. மருத்துவரைப் பார்ப்பதற்குள் வீட்டுப் பிள்ளை கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, “தாத்தாவுக்கு மூளை சுருங்கிப்போச்சாம்” என்று சொல்லிவிடுகிறது. அதோடு குடும்பத்தின் தூக்கம் போய்விடும்.

கடலூர் மாவட்டத்தில் மட்டும் நடப்பதல்ல இது. அறுபது தாண்டியவர்களின் மூளை ஸ்கேனில் மிகச் சாதாரணமாக எழுதப்படும் வரிகளில் ஒன்று அது. முடி நரைப்பதைப் போல மூளையும் வயதோடு கொஞ்சம் வற்றும். அறுபதுக்குப் பிறகு ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சதவீதம் குறைவது இயல்பு என்றே ஆய்வுகள் சொல்கின்றன. வயதுக்கேற்ற சுருக்கம் என்று ரிப்போர்ட் சொன்னால், பெரும்பாலும் அதற்கு ‘வயதுக்கு மீறியதாக எதுவும் தெரியவில்லை’ என்றுதான் பொருள்.

ஆனால் அந்த வரி கண்ணால் பார்த்து எழுதியது. எந்தப் பகுதி, எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அதில் இருக்காது. அந்த எவ்வளவு என்ற கேள்விக்கு எண்ணால் பதில் சொல்ல வந்ததுதான் எம்.ஆர்.ஐ. வழியாக மூளையின் கன அளவை அளக்கும் முறை. ஸ்கேன் மையங்களில் இதை ‘வால்யூமெட்ரி’ என்பார்கள்.

அளப்பது எப்படி

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. வலிமையான காந்தத்துக்குள் உடம்பைக் கிடத்தி, திசுக்களில் உள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் ரேடியோ அலைக்கு எப்படிப் பதில் தருகின்றன என்று பதிவுசெய்து படமாக்குகிறார்கள். இந்த முறையை உருவாக்கியதற்காக பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

வழக்கமான மூளை ஸ்கேனில் படங்கள் ஏறத்தாழ 5 மி.மீ. தடிமனில் துண்டு துண்டாக வரும். கட்டி, ரத்தக்கசிவு, பக்கவாதம் பார்க்க அது போதும், அளக்கப் போதாது. அளவெடுக்க ‘முப்பரிமாண டி1’ என்ற தனிப் படம் வேண்டும். எல்லாப் பக்கமும் 1 மி.மீ. உள்ள சின்னச் சின்னக் கட்டங்களாக முழு மூளையும் அதில் பதிவாகும். சில நிமிடங்கள்தான் கூடுதலாக ஆகும்; ஊசி மருந்து தேவையில்லை. பிறகு மென்பொருள் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து, சாம்பல் நிறத் திசு, வெண்ணிறத் திசு, நீர் என்று பிரித்து எண்ணும். ஆராய்ச்சிக்கூடங்களில் அதிகம் புழங்குவது ஃப்ரீசர்ஃபர் என்ற இலவச மென்பொருள். மருத்துவமனைகளுக்கென்று வந்த நியூரோகுவாண்ட் 2006இலேயே அமெரிக்க அரசின் அனுமதி பெற்றது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே தெரியும். மூளை 1200 மில்லி என்று வைத்துக்கொண்டால் 12 லட்சம் கட்டங்கள். நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பக்கத்துக்கு 3 முதல் 4 மில்லிதான். அதாவது மூவாயிரம், நாலாயிரம் கட்டங்கள். வயதானவர்களுக்கு அது இயல்பாகவே ஆண்டுக்கு 1.4 சதவீதம் அளவில் குறைகிறது. அல்சைமர் நோயில் 4.7 சதவீதம் அளவில் குறைகிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஓர் ஆண்டில் நூறு கட்டங்களைச் சுற்றித்தான். படுத்திருப்பவர் லேசாகத் தலையை அசைத்தாலும், இரண்டாம் முறை வேறு கம்பெனி மெஷினில் எடுத்தாலும் அந்த நூறு கட்டம் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

தண்ணீர் குடிக்காமல் போனால்கூட எண் மாறும். 16 மணி நேரம் நீர் அருந்தாதவர்களின் மூளை அளவு சராசரியாக 0.55 சதவீதம் குறைந்ததையும், தண்ணீர் குடித்த பிறகு அது மீண்டதையும் ஜெர்மனியில் 2005இல் அளந்து காட்டினார்கள். ஓர் ஆண்டு முதுமை ஒரு நாள் தாகத்தில் வந்துவிடுகிறது! சித்திரை வெயிலில் காலையிலிருந்து பட்டினியாகக் காத்திருந்து எடுத்த ஸ்கேனின் எண்ணை, மார்கழியில் எடுத்ததோடு ஒப்பிட்டுப் பதறுவதில் பொருளில்லை.

யாரோடு ஒப்பிடுவது?

இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும்போது விளம்பரங்கள் தொடாமல் விடும் இடம் இது. நமக்கு முக்கியமான இடமும் இதுதான்.

மெட்ரிக் அளவு வருவதற்கு முன் ஊருக்கு ஊர் படி வேறு. ஓர் ஊர்ப் படியால் அளந்த நெல்லை இன்னோர் ஊர்ப் படியால் அளந்தால் குறையும் அல்லது கூடும். நெல் என்னவோ அதே நெல்தான். வால்யூமெட்ரி ரிப்போர்ட்டில் ‘உங்கள் வயதினரில் நீங்கள் 8ஆம் சதமான இடத்தில்’ (நூறு பேரில் கீழிருந்து எட்டாவதாக) என்று வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த ஊர் வயதினர் என்பது. பெரும்பாலான மென்பொருள்களின் ஒப்பீட்டுத் தொகுப்பு அமெரிக்க, ஐரோப்பிய மக்களிடம் எடுத்தது.

ஹைதராபாத் ஐஐஐடி ஆய்வாளர்கள் 2019இல் 100 இந்தியர்களின் எம்.ஆர்.ஐ. படங்களைக் கொண்டு இந்திய மூளை வரைபடம் ஒன்றை வெளியிட்டார்கள். மேலை நாட்டாரின் மூளையை மட்டுமல்ல, சீன, கொரிய மூளைகளை விடவும் இந்திய மூளை உயரம், அகலம், கன அளவில் சராசரியாகச் சற்றுச் சிறியது என்று அதில் தெரிந்தது. இதைக் கேட்டு யாரும் தன்மானத்தை இழக்க வேண்டாம். மூளையின் அளவு தலையின் அளவோடும் உடம்பின் அளவோடும் போவது. அறிவை அளக்கும் கருவியல்ல. ஆனால் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் நம் ஊர்க்காரரை அந்நியப் படியால் அளந்தால் நோயாளி போலக் காட்டிவிடும் என்பது உண்மை. மண்டையோட்டின் உள்ளளவோடு வகுத்து ஓரளவு சரிசெய்வார்கள், முழுதும் சரியாகாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2020இல் 6 வயதிலிருந்து 60 வயது வரை ஐந்து வயதுப் பிரிவுகளுக்கு இந்திய மூளை வார்ப்புகளை வெளியிட்டது. நல்ல வேலை. ஆனால் மறதி நோய் பெரிதும் தலைகாட்டுவது அறுபதுக்கு மேல்தான். அந்த இடைவெளியை நிரப்பக்கூடிய முயற்சியாக நான் பார்ப்பது இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம் கோலார் மாவட்டம் ஸ்ரீநிவாசபுராவில் நடத்தும் நீண்டகால ஆய்வு. 45 வயதைக் கடந்த 10,000 கிராமத்து மக்களைச் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வது அதன் இலக்கு, பரிசோதனைகளில் எம்.ஆர்.ஐ.யும் உண்டு. பள்ளிக்கூடம் போகாதவர்கள், வயல்வேலை செய்பவர்கள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் என்று வளையமாதேவி ஆட்களை ஒத்தவர்கள் அந்தத் தொகுப்பில் இருக்கிறார்கள். பாஸ்டன் நகரத்துப் பேராசிரியரை விட அவர்கள்தான் நமக்குச் சரியான படி.

அந்தத் தொகுப்பு தயாராகும்வரை சிறந்த ஒப்பீடு நீங்களேதான். இன்றைய எண்ணை, அதே மெஷினில் ஓராண்டு, ஈராண்டு கழித்து எடுக்கும் உங்கள் எண்ணோடு பார்ப்பது. தனியாக நிற்கும் ஓர் எண்ணுக்கு நான் அதிக மதிப்புத் தரமாட்டேன்.

தலையில் அடிபட்டால்

நெய்வேலி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம் போகும் சாலையில் பைக்கில் போய்வருபவர்களுக்கு விபத்தைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022இல் நாட்டிலேயே அதிகச் சாலை விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்: 64,105 விபத்துகள், 17,884 உயிரிழப்புகள்.

அடிபட்ட அன்று வேண்டியது வால்யூமெட்ரி அல்ல, சி.டி. ஸ்கேன். ரத்தம் கசிகிறதா, எலும்பு உடைந்திருக்கிறதா என்று சில நிமிடங்களில் அது காட்டிவிடும். ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கியதிலிருந்து, தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கும் யாருக்கும், பட்டியலிலுள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்கிறது. பணத்துக்காக ஆள் தேடி அலைந்து நேரத்தை விட்டுவிடக் கூடாது.

பெரியவர்கள் விஷயத்தில் இன்னொன்று. கட்டிலிலிருந்தோ வாசற்படியிலோ லேசாக விழுந்திருப்பார்கள். அன்று ஒன்றும் இருக்காது. மூன்று நான்கு வாரம் கழித்துத் தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம், ஒரு பக்கம் பலவீனம் என்று வரும். மூளைக்கும் மண்டையோட்டுக்கும் இடையே ரத்தம் மெல்லச் சேர்ந்திருக்கலாம். ஒரு சி.டி.யில் தெரியும், சிறிய அறுவை சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகும். ‘வயசாயிடுச்சு, அப்படித்தான்’ என்று விட்டுவிடுவதுதான் ஆபத்து.

கன அளவு பார்ப்பதெல்லாம் மாதங்கள் கழித்து. பலத்த அடி வாங்கிய மூளையில் அறுந்த நரம்பிழைகள் மெதுவாக அழிவதால், காயம் ஆறிய பிறகும் சுருக்கம் தொடரும். லேசான அடியிலும்கூட ஓராண்டு கழித்துச் சில பகுதிகளில் அளவு குறைந்திருந்ததை நியூயார்க் பல்கலைக்கழகக் குழு 2013இல் காட்டியது. ஆனால் அது ஒரு கூட்டத்தின் சராசரி. தனி ஒருவரின் லேசான அடியை இதை வைத்து உறுதிசெய்யும் அளவுக்குச் சான்று போதாது என்று அமெரிக்கக் கதிரியக்க வல்லுநர்கள் 2015இல் சொன்னார்கள். விபத்து இழப்பீட்டு வழக்குக்கு இந்த ரிப்போர்ட்டை வாங்கிவரச் சொல்பவர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. நினைவு, கவனம், வேகம் ஆகியவற்றை உட்கார்த்தி வைத்துச் சோதிக்கும் நரம்பு உளவியல் பரிசோதனையும், நரம்பியல் மருத்துவரின் பரிசோதனையும் இல்லாமல் எண் மட்டும் அங்கே நிற்காது.

மறதியும் நடையும்

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு சொன்னது. ஹிப்போகேம்பஸின் அளவு இங்கே நிஜமாகவே உதவும். வயதுக்கு மீறி அது சுருங்கியிருந்தால் அல்சைமர் பக்கம் சந்தேகம் வலுக்கும். சுருங்கவில்லை என்றால் வேறு காரணம் தேட வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, தூக்க மாத்திரை, காது கேளாமை என்று மறதிபோல் வேடம் போடும் கோளாறுகள் நிறைய. இவற்றைச் சாதாரண ரத்தப் பரிசோதனையிலும் பொறுமையாகப் பேசிப் பார்ப்பதிலுமே கண்டுபிடிக்கலாம்; ஸ்கேனுக்கு முன்பே செய்ய வேண்டியவை.

வலிப்பு நோயில் இன்னும் தெளிவு. மாத்திரைக்கு அடங்காத வலிப்பு உள்ள சிலருக்கு ஒரு பக்க ஹிப்போகேம்பஸ் மட்டும் சுருங்கியிருக்கும். இடமும் வலமும் அளந்து ஒப்பிட்டால், அளக்கும் தலையும் ஒப்பிடும் தலையும் ஒன்றே என்பதால் மேற்சொன்ன படிச் சிக்கல் பெரிதாக வராது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் போன்ற இடங்களில் அந்தப் பகுதியை அறுவை செய்து நீக்கி, பலரை வலிப்பிலிருந்து மீட்டிருக்கிறார்கள்.

எனக்கு எப்போதும் ஆதங்கம் தருவது நீரறை விரிவு நோய். பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது போலத் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள், சிறுநீரை அடக்க முடியாது, மறதி சேரும். மூளைக்குள் உள்ள நீரறைகள் பெருத்திருக்கும். அதைச் சுருக்கம் என்று தவறாகப் படிக்கவும் இடமுண்டு. முதுகிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்த்து, நடை தேறினால் குழாய் வைத்து நீரை வழிமாற்றிவிடுவார்கள். குணமாகக்கூடிய மறதிகளில் இது ஒன்று. மூன்றும் சேர்ந்து வந்தால் நரம்பியல் மருத்துவரிடம் இதன் பேரைச் சொல்லியே கேளுங்கள்.

குடியால் வரும் சுருக்கமும் ஓரளவு மீளும். நிறுத்திய சில வாரங்களிலேயே அளவு ஏறத் தொடங்குவதை எம்.ஆர்.ஐ.யில் பார்த்திருக்கிறார்கள்.

புகை, சாம்பல், பாதரசம்

நெய்வேலிபோலப் பழுப்பு நிலக்கரி எரியும் ஊரில் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும்: காற்று மூளையைச் சுருக்குமா? அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வில், காற்றில் நுண்துகள் கனமீட்டருக்கு 2 மைக்ரோகிராம் கூடிய இடங்களில் வாழ்ந்தவர்களின் மூளை அளவு 0.32 சதவீதம் குறைவாக இருந்ததாக 2015இல் எழுதினார்கள். 2020இலிருந்து லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு தடுக்கக்கூடிய மறதிக் காரணிகளில் காற்று மாசையும் தலைக்காயத்தையும் சேர்த்திருக்கிறது. நெய்வேலிச் சுற்றுவட்டார மக்களின் மூளையை அளந்து யாரும் அப்படி ஒரு முடிவுக்கு வந்ததாகச் சொல்லிவிட முடியாது. தொடர்பு என்பதும் காரணம் என்பதும் ஒன்றல்ல.

நெய்வேலியைச் சுற்றிய நீரில் பாதரசம் பற்றிப் பூவுலகின் நண்பர்கள் என்ற சூழலியல் அமைப்பு 2023இல் அறிக்கை வெளியிட்டபோது பலரும் ஸ்கேன் எடுக்கலாமா என்று யோசித்திருப்பார்கள். ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சேறியவர்களுக்குப் பார்வைக்கான பின்மூளைப் பகுதியும் சிறுமூளையும் சுருங்கியிருந்தது எம்.ஆர்.ஐ.யில் தெரிந்தது உண்மைதான். ஆனால் அவர்கள் நடை தள்ளாடி, பார்வை வட்டம் குறுகி, நோய் முற்றியவர்கள். பாதரசச் சந்தேகம் இருந்தால் முதலில் ரத்தம், சிறுநீர், தலைமுடி, கிணற்றுத் தண்ணீர். எம்.ஆர்.ஐ. கடைசி.

ஸ்கேனுக்குப் போகும் நாள்

தாலிச் சங்கிலி, மெட்டி, தோடு, கொண்டை ஊசி, புடவை ஊக்கு, இடுப்பில் அரைஞாண், அதில் கோத்த தாயத்து எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியைக் கழற்ற மனம் வராதவர்கள் மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு போவதுண்டு. அதிலும் குண்டு, காசு இருக்கக் கூடாது. பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, பழைய அறுவையில் போட்ட கிளிப் இருந்தால் டெக்னீஷியனிடம் முன்பே சொல்ல வேண்டும்.

சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் வெல்டிங், கிரைண்டிங் செய்த ஒப்பந்தத் தொழிலாளர்கள், எப்போதாவது கண்ணில் இரும்புத்தூள் பட்டிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், பத்து வருஷத்துக்கு முன்பு என்றாலும். காந்தம் அந்தத் துகளை அசைத்துக் கண்ணைக் கெடுத்துவிடலாம். கண்பகுதியை ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே உள்ளே விடுவார்கள்.

மருத்துவர் கன அளவும் வேண்டும் என்றால், முப்பரிமாண டி1 படமும் எடுக்கச் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வழக்கம்போல் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள். ஊசி மருந்து, மயக்க மருந்து என்றால் மட்டும் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். வரும்போது ஃபிலிமோடு குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி, தேதியும் மெஷின் இருக்கும் மையத்தின் பெயரும் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். ஃபிலிமிலிருந்து யாராலும் அளக்க முடியாது. அடுத்த முறை ஒப்பிட அந்தத் தகடுதான் வேண்டும்.