வேறு பெயரில் ஓடும் கார்: மலேசியச் சாலைகளில் டைஹாட்சு

பினாங்கு மாநிலத்தின் தென் செபராங் பிறை மாவட்டத்தில், சிம்பாங் அம்பாட்டுக்கும் நிபோங் திபாலுக்கும் இடையே அமைந்துள்ள சுங்கை பாக்காப் போன்ற சிறுநகரங்களின் குடியிருப்புப் பகுதிகளில், வீட்டு வாசல்களில் நிற்கும் கார்களுள் கஞ்சில், விவா, மைவி, அக்சியா, பெசா ஆகிய பெயர்களைத் தாங்கியவையே அடிக்கடி கண்ணில் படுகின்றன. பெரோடுவா என்னும் மலேசிய நிறுவனத்தின் முத்திரையோடு வரும் இக்கார்களில் டைஹாட்சு என்ற சொல் பொறிக்கப்படுவதில்லை. ஆயினும் இவற்றின் இயந்திரமும் அடிப்படைக் கட்டமைப்பும் ஒசாக்காவில் பிறந்த அந்த ஜப்பானிய நிறுவனத்தின் தொழில்நுட்பத்திலிருந்தே வந்தவை. தன் பெயரை வெளிக்காட்டாமலேயே ஒரு நாட்டின் எளிய குடும்பங்களுடைய அன்றாட வாழ்க்கைக்குள் இவ்வளவு ஆழமாக நுழைந்த கார் நிறுவனங்கள் உலகில் மிகச் சிலவே என்பதால், அதன் வரலாற்றையும் அதைப் பற்றி உரிமையாளர்கள் கொண்டுள்ள கருத்துகளையும் சேர்த்தே அறிய வேண்டியுள்ளது.

ஒசாக்காவின் இயந்திரம்

1907-ஆம் ஆண்டில் ஒசாக்கா நகரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், தொடக்கத்தில் கார்களைச் செய்யவில்லை. இறக்குமதியையே நம்பியிருந்த ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்கு உள்நாட்டிலேயே இயந்திரங்களைச் செய்து தருவதே அதன் நோக்கமாக இருந்தது. இயந்திரத்தைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லான 'ஹாட்சுதோக்கி' நிறுவனத்தின் பெயரிலேயே இடம்பெற்றிருந்தது. ஒசாக்கா என்ற ஊர்ப்பெயரின் முதல் எழுத்துக்கு 'டை' என்றும் ஓர் ஒலிப்பு உண்டு. அதனோடு அச்சொல்லின் முதல் பகுதியான 'ஹாட்சு' சேர்ந்து, 'ஒசாக்காவின் இயந்திரம்' என்னும் பொருள்படப் பிறந்த டைஹாட்சு, 1951-இல் நிறுவனத்தின் முறையான பெயராயிற்று.

1930-களில் மூன்று சக்கரச் சரக்கு வண்டிகளைச் செய்யத் தொடங்கிய டைஹாட்சு, போருக்குப் பிந்தைய ஜப்பானில் சிறு வணிகர்களின் தேவையை அறிந்து, 1957-இல் மிட்ஜெட் என்னும் குறுவண்டியை வெளியிட்டது. தாய்லாந்துக்கு ஏற்றுமதியான அந்த மூன்று சக்கர வண்டிகளே பாங்காக்கின் டுக்டுக் வண்டிகளுக்கு முன்னோடியாக அமைந்தன. குறைந்த பொருளைக் கொண்டு நிறைந்த பயனைத் தரும் வண்டியைச் செய்வதே அந்நிறுவனத்தின் இயல்பாக அன்றே உருவாகிவிட்டது. 1967-இல் டொயோட்டாவுடன் கூட்டுறவு ஏற்பட்டது. அவ்வுறவு படிப்படியாக இறுகி, 2016-இல் டைஹாட்சு முழுமையாக டொயோட்டாவுக்கு உரிமையான துணை நிறுவனமாக மாறியது.

டைஹாட்சுவின் கார்களைப் புரிந்துகொள்ள, ஜப்பானில் 'கே' கார் எனப்படும் சிறுகார் வகையை அறிந்திருத்தல் தேவை. போருக்குப் பின் மக்கள் எளிதில் வாங்கத்தக்க வண்டிகளை ஊக்குவிக்கும் பொருட்டு, நீளம், அகலம், இயந்திரக் கொள்ளளவு ஆகியவற்றுக்கு உச்சவரம்பு விதித்து, அவ்வரம்புக்குள் அடங்கும் கார்களுக்கு வரிச்சலுகை அளித்தது ஜப்பானிய அரசு. இயந்திரக் கொள்ளளவு என்பது எரிபொருளும் காற்றும் சேர்ந்து எரியும் சிலிண்டர்களின் மொத்தக் கன அளவாகும். அது 'சிசி' என்னும் கன சென்டிமீட்டர் அளவில் கூறப்படும். 1976-இல் 550 சிசியாக இருந்த வரம்பு, 1990-இல் 660 சிசியாக உயர்த்தப்பட்டது. மலேசியாவின் முதல் கஞ்சில் காருடைய இயந்திரம் 659 சிசி அளவில் அமைந்ததற்கான காரணம் இந்த ஜப்பானியச் சட்டத்தில்தான் உள்ளது.

கஞ்சில் பிறந்த கதை

மலேசியாவின் முதல் தேசியக் காரான புரோட்டோன் சாகா, மற்றொரு ஜப்பானிய நிறுவனமான மிட்சுபிஷியின் துணையோடு 1985-இல் வெளிவந்தது. பினாங்குப் பாலம் திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆனால் சாகாவின் விலையும் பராமரிப்புச் செலவும் எட்டாத குடும்பங்கள் ஏராளமாக இருந்தன. அவர்களை எண்ணித் தொடங்கப்பட்ட இரண்டாவது தேசியக் கார் திட்டத்தின் விளைவே பெரோடுவா. பெருசாகான் ஒட்டோமொபில் கெடுவா, அதாவது இரண்டாவது கார் நிறுவனம் என்பது அப்பெயரின் விரிவு. சிலாங்கூரின் ரவாங்கிற்கு அருகிலுள்ள சுங்கை சோவில் தொழிற்சாலை அமைத்து, டைஹாட்சு மீரா என்னும் சிறுகாரை அடிப்படையாகக் கொண்டு, 1994 ஆகஸ்டில் கஞ்சிலை அது வெளியிட்டது. மலாய் நாட்டுப்புறக் கதைகளில் உருவில் சிறியதாயினும் அறிவால் வெல்லும் சருகுமானின் பெயர் அக்காருக்கு இடப்பட்டது மிகப் பொருத்தமானது. 2009-இல் உற்பத்தி நிறுத்தப்பட்டபோது, 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட கஞ்சில்கள் செய்யப்பட்டிருந்தன.

பின்னர் 1996-இல் ரூசா, 1998-இல் கெம்பாரா, 2000-இல் கெனாரி, 2001-இல் கெலிசா எனத் தொடர்ந்து வந்தவை அனைத்தும் டைஹாட்சு வண்டிகளின் மலேசிய வடிவங்களே. 2001-இல் பெரோடுவாவின் உற்பத்திப் பிரிவில் பெரும்பான்மைப் பங்கு டைஹாட்சு, மிட்சுயி ஆகிய இரு ஜப்பானிய நிறுவனங்களின் கைக்கு வந்தது. 2005-இல் வெளிவந்த மைவி பெருவெற்றி பெற, அடுத்த ஆண்டே பெரோடுவா விற்பனையில் புரோட்டோனை முந்தியது. 2016-இல் வந்த பெசாவிலும் 2017-இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவியிலும் உடற்கூட்டின் வடிவமைப்பை மலேசியப் பொறியாளர்களே ஏற்றுச் செய்யும் அளவுக்கு உள்நாட்டுத் திறன் வளர்ந்திருந்தது.

இக்கார்கள் மலேசியாவோடு நிற்கவில்லை. கஞ்சில் பிரிட்டனில் நிப்பா என்ற பெயரில் விற்கப்பட்டது; விவா, இலங்கைச் சாலைகளில் விவா எலைட் என்ற பெயரோடு ஓடியது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒப்புமை வேண்டுமாயின், சுசுகியின் துணையோடு 1983 இறுதியில் வெளிவந்து, இந்திய நடுத்தரக் குடும்பங்களின் முதல் காராக அமைந்த மாருதி 800-ஐ நினைவுகூரலாம்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

சுங்கை பாக்காப் வட்டாரத்தின் வரலாறு கரும்புத் தோட்டங்களோடு தொடங்கி, ரப்பருக்கும் பின்னர் செம்பனைக்கும் மாறிய வரலாறாகும். அத்தோட்டங்களில் உழைத்த தமிழர்களுக்கு வேலையிடமும் குடியிருப்பும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் பெரும்பாலும் நடக்கும் தொலைவிலேயே இருந்தன. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, அக்குடும்பங்கள் தாமான் எனப்படும் புதிய குடியிருப்புகளுக்கும், இளைய தலைமுறை பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கும் பெயர்ந்தன. தொழிற்சாலைப் பேருந்தும் கப்சாய் எனப்படும் சிறு மோட்டார் சைக்கிளும் வேலைக்குச் செல்வோரைச் சுமந்தன. ஆனால் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும், முதியவர்களை மழையில் நனையாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குச் செல்லவும் அவை போதவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியது கஞ்சில் போன்ற சிறுகார்தான். 2014-இல் பத்து காவானிலிருந்து பினாங்குத் தீவுக்குச் செல்லும் 24 கிலோமீட்டர் நீள இரண்டாவது பாலம் திறக்கப்பட்டதும், தென் செபராங் பிறையில் வாழ்ந்துகொண்டே தீவில் வேலை பார்ப்பது மேலும் எளிதாயிற்று.

உரிமையாளர்கள் சொல்வன

இக்கார்களை வைத்திருப்போர் முதலாவதாகக் கூறுவது செலவைப் பற்றியே. தீபகற்ப மலேசியாவில் தனியார் கார்களுக்கான சாலை வரி இயந்திரக் கொள்ளளவைப் பொறுத்தது. 1,000 சிசி வரையிலான காருக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட்டும், 1.3 லிட்டர் மைவிக்கு 70 ரிங்கிட்டும், 1.5 லிட்டர் மைவிக்கு 90 ரிங்கிட்டும் மட்டுமே செலுத்த வேண்டும். உதிரிபாகங்கள் சிறுநகரக் கடைகளிலும் கிடைக்கின்றன. இவற்றைப் பழுதுபார்க்கத் தெரியாத மெக்கானிக் அரிது. விற்கும்போது நல்ல விலை கிடைப்பதும் பெரிய நிறையாகக் கருதப்படுகிறது. கடனை அடைப்பதற்கு 9 ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளும் குடும்பத்துக்கு, கார் என்பது போக்குவரத்துச் சாதனமாக இருப்பதோடு, நெருக்கடியில் பணமாக மாற்றத்தக்க உடைமையாகவும் இருப்பதால், மறுவிற்பனை விலை அற்பமான செய்தியன்று.

குறைகளையும் அவர்கள் மறைப்பதில்லை. சிறிய இயந்திரங்கள் பலவற்றில் மூன்று சிலிண்டர்களே உள்ளன. உறுப்புகள் குறைவதால் உராய்வும் எரிபொருள் செலவும் குறைகின்றன. ஆனால் நான்கு சிலிண்டர் இயந்திரத்தில் உள்ள சமநிலை இல்லாததால், நிற்கும்போது வண்டி அதிர்வதை உணரலாம். நால்வரை ஏற்றிக்கொண்டு கஞ்சில் மேட்டில் ஏறும்போது ஏர்கோன் எனப்படும் குளிர்சாதனத்தை நிறுத்த வேண்டியிருக்கும் என்பது பாயா தெருபோங் மலைச்சாலையையோ கேமரன் மலையையோ அறிந்த ஓட்டுநர்களின் பழகிய அனுபவம். தகடு மெல்லியது, கதவை மூடும் ஓசையிலேயே அது தெரிகிறது, மைலோ டின்னைப் போன்றது என்னும் விமரிசனமும் நெடுங்காலமாக உண்டு. 

ஆற்றல் போதாத குறையைத் தீர்க்க உரிமையாளர்களே கண்ட வழியும் குறிப்பிடத்தக்கது. ஜப்பானில் கழித்துக்கட்டப்பட்ட கார்களின் முன்பாதியை வெட்டி, இயந்திரத்தோடு இறக்குமதி செய்வதை மலேசியாவில் 'ஹாஃப் கட்' என்பர். மீராவின் டர்போ இயந்திரத்தை இவ்வாறு வாங்கிக் கஞ்சிலில் பொருத்துவோர் பலர் தோன்றினர். இரு கார்களும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால்தான் அம்மாற்றம் எளிதில் கைகூடியது. பெயர் மாறினாலும் பிறப்பு மாறாது என்பதைப் பட்டறைகள் நன்கறிந்திருந்தன.

நம்பிக்கைக்கு வந்த சோதனை

தகட்டைப் பற்றிய கேலியின் பின்னால் பாதுகாப்பைப் பற்றிய உண்மையான அச்சம் இருந்தது. தென்கிழக்காசியக் கார்களை மோதவிட்டு மதிப்பிடும் ஆசியான் என்கேப் அமைப்பு, 2017-இல் வந்த மைவிக்கு உச்ச மதிப்பான 5 நட்சத்திரங்களை வழங்கியபோது, மலிவான காரும் பாதுகாப்பானதாக இருக்க முடியும் என்ற நம்பிக்கை வலுப்பெற்றது. அந்த நம்பிக்கையே 2023-இல் கடும் சோதனைக்கு உள்ளாயிற்று.

அவ்வாண்டு ஏப்ரலில், பக்கவாட்டு மோதல் சோதனைக்கு அனுப்பிய கார்களின் கதவு உட்பகுதியில், விற்பனைக்கு வரும் கார்களில் இல்லாத மாற்றத்தைச் செய்திருந்ததாக டைஹாட்சு தானே ஒப்புக்கொண்டது. பாதிக்கப்பட்ட ஏறத்தாழ 88,000 வண்டிகளில் பெரும்பாலானவை டொயோட்டா முத்திரை கொண்டவை. புதிய அக்சியாவும் அப்பட்டியலில் இருந்தது. டிசம்பரில் சுதந்திர விசாரணைக் குழு, 64 மாடல்களில் மேலும் 174 முறைகேடுகளைக் கண்டறிந்து, அவற்றுள் மிகப் பழையது 1989-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்றும் அறிவித்தது. டைஹாட்சு தன் வண்டிகளின் அனுப்புகையை நிறுத்தியது. ஜப்பானியத் தொழிற்சாலைகள் மூடப்பட்டு, 2024-இல் படிப்படியாகவே இயங்கத் தொடங்கின. தலைவரும் பதவி விலகினார். அளவுக்கு மீறிச் சுருக்கப்பட்ட கால அட்டவணையும், தோல்விக்கு இடமே தராத அழுத்தமும் பொறியாளர்களைத் தவறான வழிக்குத் தள்ளின என்பது அக்குழுவின் முடிவு.

இந்நிகழ்வுக்குப் பிறகும் மலேசியாவில் விற்பனை சரியவில்லை. இதை மக்களின் மறதி என்று கொள்வது பிழையாகும். பேருந்து வசதி போதாத ஊர்களில், வாங்கத்தக்க விலையில் உள்ள கார் இதுவே என்னும்போது, மாற்றைத் தேடும் வாய்ப்பு பலருக்கு இல்லை. வசதி படைத்தவர் நம்பிக்கை இழந்தால் வேறு காருக்கு மாறிவிடுவார். ஒரே காரில் 9 ஆண்டுக் கடனைச் சுமக்கும் குடும்பமோ, செய்தவர் மெய்யாகவே சோதித்துத் தந்தார் என்ற நம்பிக்கையின்மேல்தான் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறது. ஆகவே, மோதல் சோதனையில் நேர்மை என்பது விலை உயர்ந்த கார்களைவிட மலிவான கார்களுக்கே மிகுதியாக வேண்டப்படுவதாகும்.

குறைந்த பொருளில் நிறைந்த பயனைத் தருவதே டைஹாட்சு நெடுங்காலமாகக் காத்துவந்த திறன். அத்திறனால் தோட்டத்து மக்களின் பேரப்பிள்ளைகளும் கார் உரிமையாளர் ஆயினர். குறைக்கத் தகுந்தவை எடையும் எரிபொருளும் விலையுமே. சோதனைக்குரிய காலத்தைக் குறைத்தபோது, அந்நிறுவனம் தன் பழம்பெருமையையே குறைத்துக்கொண்டது. மைலோ டின் என்ற கேலியை உரிமையாளர்கள் பொறுத்துக்கொண்டனர். பொய்யான சோதனைச் சான்றிதழைப் பொறுத்துக்கொள்ளுமாறு அவர்களிடம் எவரும் கேட்க முடியாது.