நகத்துக்குக் கூலி என்ன?

கல்யாண மேக்கப் பேசி முடித்து அட்வான்ஸ் கைமாறும் நேரத்தில், பெண் வீட்டார் கடைசியாக ஒன்று கேட்பார்கள்: "நகமும் இதிலேயே சேர்ந்துடும்ல?" அக்காள்மடம், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் வீட்டிலிருந்தபடியே பார்லர் வேலை பார்க்கும் பெண்கள் இந்தக் கேள்வியில்தான் தடுமாறுகிறார்கள். கேட்பவர் பக்கத்துத் தெரு அக்காவாக இருப்பார், இல்லையென்றால் தூரத்துச் சொந்தமாக இருப்பார். "சரிக்கா, செஞ்சு தர்றேன்" என்று வாயில் வந்துவிடுகிறது. இரண்டரை மணி நேர வேலை அந்த நொடியில் இலவசமாகிவிடுகிறது.

நகவேலை சின்ன வேலை இல்லை. வெறும் ஜெல் பாலிஷ் போடுவதற்கே நகத்தை ஒழுங்காக்கி, ஓரத்தோலைப் பின்னுக்குத் தள்ளி, மேல்பரப்பை லேசாகத் தேய்த்து, அடிப்பூச்சு, நிறம் இரண்டு தடவை, மேல்பூச்சு என்று ஒவ்வொன்றையும் விளக்கில் காயவைக்க வேண்டும். ஒரு மணி நேரம் போய்விடும். நகத்தை நீட்டி ஒட்டும் எக்ஸ்டென்ஷன் என்றால் இரண்டு முதல் மூன்று மணி நேரம். குனிந்த கழுத்து நிமிராது. இரண்டு மூன்று வாரம் கழித்து அதை எடுப்பது தனி வேலை. அசிட்டோனில் ஊறவைத்து, நகம் பிய்ந்துவிடாமல் பொறுமையாக எடுக்க வேண்டும். அதையும் சும்மா செய்துதரச் சொல்கிறவர்கள் உண்டு. மீன் அலசி, பாத்திரம் தேய்த்து, நாள் முழுக்கத் தண்ணீரில் புழங்கும் கைகளில் ஒட்டிய நகம் சீக்கிரம் தூக்கிக்கொள்ளும். அப்போதும் பழி செய்துகொடுத்தவள் தலையில்தான் விழும்.

பெரும்பாலானவர்கள் விலை வைக்கும் முறை ஒன்றுதான். பக்கத்து ஊரில் யார் என்ன வாங்குகிறார்கள் என்று விசாரித்து, அதில் ஐம்பதோ நூறோ குறைத்துச் சொல்வது. அந்தப் பக்கத்து ஊர்ப் பெண்ணும் அப்படித்தான் விலை வைத்திருப்பாள். யாரும் கணக்குப் போடவில்லை.

நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், அவரவர் செலவை வைத்து மாற்றிக்கொள்ளலாம். பயிற்சிக்கு 30,000 ரூபாய், விளக்கு, டிரில் மெஷின், மற்ற சாமான்களுக்கு 18,000 ரூபாய் என்று ஒரு பெண் போட்டிருக்கிறாள். மொத்தம் 48,000. இதை இரண்டு வருடத்தில் மீட்க வேண்டுமானால் மாதம் 2,000. போன், கரண்ட், இதர செலவு மாதம் 1,000. ஒருவருக்கு ஆகும் ஜெல், டிப்ஸ், ஃபைல், கையுறை, முகக்கவசம் எல்லாம் சேர்த்து 150. சீசனும் சீசன் இல்லாத காலமும் கலந்து மாதம் சராசரியாக 20 பேர் வருகிறார்கள். ஒருவரிடம் 500 ரூபாய் வாங்கினால், பொருள் செலவு போக 350. இருபது பேருக்கு 7,000. அதில் 3,000 போனால் மிச்சம் 4,000 ரூபாய்.

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26இல் அறிவித்த தினக்கூலி 336 ரூபாயாக இருந்தது. அந்தக் கூலியில் பன்னிரண்டு நாள் போனால் அதே 4,000 வந்திருக்கும். அதற்குப் பயிற்சிக் கட்டணமும் இல்லை, கடனும் இல்லை.

மாதம் 12,000 ரூபாயாவது கையில் நிற்க வேண்டும் என்று அவள் நினைத்தால், அதே இருபது பேரிடம் தலைக்கு 900 வாங்க வேண்டும். அந்த 900இல் ஆடம்பரம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வந்து செய்யச் சொன்னால் போய்வரும் நேரமும் ஆட்டோவும் இதற்கு மேல்தான்.

மாதம் இருபது பேர் என்பதும் இந்தக் கடற்கரையில் லேசில்லை. ஆடியிலும் மார்கழியிலும் இந்துக்கள் வீட்டில் கல்யாணம் இல்லை. தவக்காலத்தில் கிறிஸ்தவர்கள் வைப்பதில்லை. நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் விசேஷம் குறைவு. இதற்கெல்லாம் மேலாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கடைத்தெருவில் காசு நடமாட்டம் குறைந்துவிடும். தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக்குவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில்தான் அப்போதைய முதலமைச்சர் அறிவித்தார். அந்தத் தொகையில் இரண்டு மாதம் ஓட்டும் வீட்டில் யார் நகத்துக்குச் செலவழிப்பார்கள்? ஆகவே சீசனில் வாங்கும் காசுதான் சீசன் இல்லாத மாதங்களுக்கும் சோறு. நகரத்துப் பார்லர் விலையோடு இதை ஒப்பிட்டு, "கிராமத்துல இவ்வளவா?" என்று கேட்பது நியாயமே இல்லை.

விலை சொல்லும் உரிமை எவ்வளவு அரியது என்று இந்தப் பாம்பன் தீவின் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கும் பெண்கள், பாறையும் பவளமும் கிழிக்காமல் இருக்க விரல்களில் துணி சுற்றிக்கொண்டு மூழ்குகிறார்கள். நாள் முழுக்க எடுத்த பாசிக்கு விலை சொல்வது வாங்கும் வியாபாரி. அந்த நிலையிலும் அவர்கள் ஒரு கூட்டமைப்பாகக் கூடிப் பேசி ஒரு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள்: மாதத்தில் இத்தனை நாள்தான் பாசி எடுப்பது, இரும்பால் சுரண்டுவதில்லை. அந்தக் கூட்டமைப்பில் முன்னின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. கடலில் மூழ்கும் பெண்கள் பேசி ஒரு முடிவுக்கு வர முடியுமென்றால், அக்காள்மடத்திலிருந்து ராமேஸ்வரம் வரை பார்லர் வேலை செய்யும் பெண்கள் "இதற்குக் கீழே யாரும் செய்வதில்லை" என்று ஒரு விலையை வைத்துக்கொள்ள முடியாதா?

அப்படி ஒரு தரை விலை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் சாட்சி இருக்கிறது. 1975இல் கலிபோர்னியாவில் வியட்நாம் அகதிகள் முகாம் ஒன்றுக்குப் போன நடிகை டிப்பி ஹெட்ரனின் நகங்களை அங்கிருந்த பெண்கள் வியந்து பார்த்தார்கள். அவர் தன் நக ஒப்பனையாளரையே அழைத்துவந்து இருபது பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். முகாம் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபம் அகதிகள் முகாமைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கையில் ஒரு தொழில் இருப்பது அங்கே எவ்வளவு பெரிய பிடிமானம்! வியட்நாமியக் குடும்பங்கள் அந்தத் தொழிலில் நிமிர்ந்தன. பணக்காரப் பெண்களுக்கு மட்டும் என்றிருந்த நக ஒப்பனை எல்லோருக்கும் எட்டும் விலைக்கு வந்தது.

ஆனால் விலை இறங்கிக்கொண்டே போனது. 2015 மே மாதம் 'நியூயார்க் டைம்ஸ்' ஒரு நீண்ட புலனாய்வு வெளியிட்டது. மன்ஹாட்டனில் சராசரியாகப் பத்தரை டாலருக்கு நக ஒப்பனை நடப்பதையும், புதிதாகச் சேரும் பெண்கள் வேலை பழகத் தாங்களே பணம் கட்டுவதையும், சட்டம் சொல்லும் கூலி கிடைக்காமல் தவிப்பதையும் எழுதியது. சில இடங்களில் மிகைப்படுத்திவிட்டது என்ற விமர்சனமும் எழுந்தது. ஆனாலும் நியூயார்க் மாநில அரசு உடனே சட்டம் கொண்டுவந்து, கூலிக்கு உத்தரவாதமாகக் கடைகள் பிணைப்பத்திரம் வைக்க வேண்டும் என்றது. வாடிக்கையாளர் கொடுக்காத காசு எங்கிருந்தோ வந்தாக வேண்டும். அது வேலை செய்தவளின் கூலியிலிருந்து வந்தது.

உடம்பிலிருந்தும் வரும். கட்டுப்படியாகாத விலைக்கு வேலை செய்கிறவள் முதலில் மலிவான ஜெல்லுக்கு மாறுவாள், பிறகு கையுறையை விடுவாள், முகக்கவசத்தை விடுவாள். காயாத ஜெல் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அந்தத் தொழிலையே விட வேண்டியிருக்கும். ஜெல்லை விளக்கில் இறுக வைக்கும் டிபிஓ (TPO) என்ற பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்திருக்கிறது. வாங்கும் புட்டியில் என்ன இருக்கிறது என்று படித்துப் பார்த்து நல்லதை வாங்கக் கையில் காசு வேண்டும்.

விலையை உயர்த்தினால் வரி கட்ட வேண்டியிருக்குமோ என்ற வீண் பயமும் வேண்டாம். ஆண்டுக்கு 20 லட்சத்துக்குள் வரவு இருக்கும் சேவைத் தொழிலுக்குப் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பார்லர் சேவைக்கான வரியே 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. சாமான் வாங்க வட்டிக்காரரிடம் போகும் முன், முத்ரா சிசு திட்டத்தில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாக் கடன் உண்டு என்பதை வங்கியில் கேட்டுப் பாருங்கள்.

தொழில் செய்யும் தங்கச்சிகள் ஒரு தாளில் விலையை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: போட இவ்வளவு, எடுக்க இவ்வளவு, வீட்டுக்கு வர இவ்வளவு. சொந்தக்காரர் கேட்டாலும் அந்தத் தாளையே காட்டுங்கள், பாதியை முன்பணமாக வாங்குங்கள். கல்யாணம் வைத்திருக்கும் அக்காமார்களே, மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு, நகம் வைக்கும் பெண்ணிடம் மட்டும் பேரம் பேசாதீர்கள். அவள் சொன்ன விலையைக் கொடுங்கள்.