சம்பளத்தைத் தடுத்த மேலவை

2020 ஜூலை தொடக்கம். நடமாட்டக் கட்டுப்பாடு தளர்ந்து, உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட மறுபடியும் விட்டிருந்த நேரம். பிரிக்பீல்ட்ஸில் தே தாரேக் ஆறிக்கொண்டிருக்க, எதிரே இருந்த நண்பர் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். கிள்ளான்காரர், தெலுங்குக் குடும்பம். தாத்தா காலத்தில் விசாகப்பட்டினம் பக்கமிருந்து பாகான் டத்தோ தோட்டத்துக்கு வந்தவர்கள். ஆந்திராவில் அரசாங்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கும் ஒன்றுவிட்ட தங்கை செய்தி அனுப்பியிருந்தார். ஜூன் சம்பளம் இன்னும் வரவில்லையாம்.

"கோவிட்டுல அரசாங்கத்துகிட்ட காசு தீர்ந்துபோச்சா, அண்ணே?" என்று கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து செய்திகளைத் தேடிப் படித்தேன். கஜானாவில் எவ்வளவு இருந்தது என்பது வேறு கதை. இருந்ததை எடுக்கவே அன்று அரசாங்கத்துக்கு அனுமதி இல்லை.

ஆந்திராவில் சட்டமன்றம், மேலவை என்று இரண்டு அவைகள். சட்டமன்றத்தின் 175 இடங்களில் 151 ஜெகன்மோகன் ரெட்டியின் கட்சி கையில். மேலவையிலோ சந்திரபாபு நாயுடுவின் தெலுங்கு தேசத்துக்குப் பெரும்பான்மை. மூன்று தலைநகரத் திட்டத்தை அந்த மேலவை முடக்கியதால், அதைக் கலைத்துவிடும்படி ஜனவரி 27-ஆம் தேதியே சட்டமன்றம் தீர்மானம் போட்டிருந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் பட்ஜெட் வந்தது.

கோவிட் காரணமாகக் கூட்டத்தொடர் இரண்டே நாள். சுமார் 2.24 லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட். ஜூன் 17-ஆம் தேதி, நிதி ஒதுக்கீட்டு மசோதாவை முதலில் எடுங்கள் என்றது தெலுங்கு தேசம். தலைநகர மசோதாக்கள்தான் முதலில் என்றது ஆளுங்கட்சி. கூச்சல், தள்ளுமுள்ளு. எதையும் முடிக்காமல் அவை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. பட்ஜெட்டை எதிர்த்து அங்கே யாரும் ஓட்டுப் போடவில்லை என்பதுதான் வேடிக்கை. எதை முதலில் எடுப்பது என்ற சண்டையிலேயே பொழுது போய்விட்டது.

இந்திய அரசியல் சட்டத்தின் 198-ஆவது பிரிவு இதற்கெல்லாம் ஒரு கெடு வைத்திருக்கிறது. பண மசோதாவை மாநில மேலவை 14 நாள்தான் வைத்திருக்கலாம். திருப்பி அனுப்பாவிட்டால் நிறைவேறியதாகவே கொள்ளப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 17-ஐயும் 14-ஐயும் கூட்டிப் பாருங்கள். ஜூலை பிறந்துவிடுகிறது. அவசரச் சட்டத்தின் மூலம் வாங்கியிருந்த மூன்று மாதச் செலவு அனுமதியோ ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. கெடு சரியாகத்தான் ஓடியது. ஆனாலும் சம்பளத் தேதி தவறிவிட்டது.

கெடுவே இல்லாத இடத்தில் என்ன ஆகும்? நம் பிள்ளைகள் படிக்கப் போகும் மெல்பர்னில் அது நடந்தது. சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் செலவையும் பட்ஜெட்டில் சேர்த்தார்கள் என்பதற்காக, விக்டோரியாவின் மேலவை மொத்த ஒதுக்கீட்டையும் தடுத்தது. பணமில்லை என்று சொல்லி பெர்ரியின் அரசாங்கம் 1878 ஜனவரி 9-ஆம் தேதி நூற்றுக்கணக்கான அரசு ஊழியர்களையும் நீதிபதிகளையும் வேலையிலிருந்து நீக்கியது. கறுப்புப் புதன்கிழமை என்று அந்த நாளுக்குப் பெயர். உறுப்பினர் சம்பளத்துக்காக நடந்த சண்டையில் வேலை போனது குமாஸ்தாவுக்கு!

நம் மாநிலங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஷா ஆலமில் 56 பேர் கொண்ட ஒரே சட்டமன்றம். பதின்மூன்று மாநிலங்களிலும் அப்படித்தான். தமிழ்நாடும் 1986-இல் மேலவையைக் கலைத்துவிட்டது. நமக்கு மேலவை இருப்பது கூட்டரசில் மட்டும். 70 செனட்டர்களில் 44 பேர் மாமன்னரால் நியமிக்கப்படுபவர்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 68-ஆவது பிரிவு பண மசோதாவுக்கு அவர்களுக்குத் தரும் கெடு ஒரு மாதம். செனட்டர் பதவியை நம் ஆட்கள் சிலர் வெறும் அலங்காரம் என்று சொல்வதுண்டு. இந்த விஷயத்தில் அலங்காரமாக இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

ஏனென்றால், அதே 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் தேதிதான் நம் மக்களவையில் 2021 பட்ஜெட் 111-க்கு 108 என்ற கணக்கில் தப்பியது. மூன்றே ஓட்டு. ஒரு பேச்சுக்கு, அன்றைக்கு ஆந்திராவைப் போல எதிரணியின் கையில் மேலவை இருந்து, முழு மாதத்தையும் இழுத்திருந்தால்? ஜனவரி பாதி வந்திருக்கும். தாதியர், ஆசிரியர், ஓய்வூதியத்தை நம்பியிருக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் என்று எத்தனை பேர் வயிற்றில் புளியைக் கரைத்திருக்கும்!

ஆந்திர மேலவை பிழைத்துக்கொண்டது. ஆளுங்கட்சியின் பலம் அங்கேயும் கூடிய பிறகு, 2021 நவம்பரில் கலைப்புத் தீர்மானத்தைச் சட்டமன்றமே திரும்பப் பெற்றது. நண்பரின் தங்கைக்கும் சில நாள் தாமதத்தில் சம்பளம் கிடைத்துவிட்டது. அதற்குள் இவர் கிள்ளானிலிருந்து முந்நூறு வெள்ளி அனுப்பியிருந்தார். தங்கை அதைத் திருப்பி அனுப்புவதாகச் சொன்னபோது, "அடுத்த பட்ஜெட்டுக்கு வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டாராம்.