வினாவும் ஒரு விருந்தே

இலையுதிராத மரம் ஒன்று உண்டு. அது ஒரு முஸ்லிமுக்கு ஒப்பானது. அது எந்த மரம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் தம் தோழர்களிடம் வினவினார்கள். அவையோரின் எண்ணம் பாலைவன மரங்களையெல்லாம் சுற்றி வந்தது. அங்கிருந்தோருள் மிக இளையவரான அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் உள்ளத்தில் பேரீச்ச மரம் என்னும் விடை உதித்தது. ஆயினும் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) போன்ற பெரியோர் வாய் திறவாதிருக்கையில் தாம் பேசுவதா என நாணி அடங்கிவிட்டார்கள். இறுதியில் பெருமானாரே அவ்விடையை மொழிந்தருளினார்கள். பின்னர் மகன் இதனைக் கூறக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், நீ சொல்லியிருந்தால் இன்னின்ன செல்வத்தினும் அது எனக்கு உவப்பாயிருக்குமே என்றார்கள்.

இச்செய்தியை இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் கல்வி பற்றிய பகுதியிலேயே பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே, வாசக நேயர்களே, மீலாது விழாவிலும் மத்ரஸா ஆண்டு விழாவிலும் நாம் நடத்தும் வினாடி வினாவைப் பொழுதுபோக்கு என்று எவரும் ஒதுக்க வேண்டியதில்லை. நம் தமிழே இதற்குச் சான்று. முழுமையாகக் கிடைக்கும் முதல் தமிழ் இஸ்லாமிய இலக்கியமெனப் போற்றப்படுவது எது? வண்ணப் பரிமளப் புலவர் யாத்து, 1572ஆம் ஆண்டில் மதுரையில் அரங்கேறிய 'ஆயிரம் மசலா'. மசலா என்னும் அரபுச் சொல்லுக்கு வினா என்றே பொருள். மதீனத்து யூத அறிஞர் அப்துல்லாஹ் இப்னு சலாம் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் கேட்டவை ஹதீஸில் மூன்று வினாக்கள்தாம். அவை பெருகி ஆயிரமாகி, மலாய், ஜாவா மொழிகளிலும் நூலாயின. 'நூறு மசலா' ஒன்றுண்டு, 'வெள்ளாட்டி மசலா' ஒன்றுண்டு. பின்னதில் அடிமைப் பெண்ணொருத்தி கலீஃபாவின் அவையில் அறிஞர் பெருமக்களுக்கே விடை கூறி வெல்கிறாள். நம் முன்னோர் வினா விடையை விருந்தாகவே உண்டிருக்கின்றனர்.

இத்தகைய விருந்தை ஒருமுறை நானே கெடுத்தேன்.

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் உள்ளது வேப்பந்தட்டை. அவ்வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் மீலாது இரவு நடந்த போட்டிக்கு வினாத் தொடுப்பவனாக அழைக்கப்பட்டிருந்தேன். திருக்குர்ஆனில் பிஸ்மில்லாஹ் எத்தனை முறை வருகிறது என்று கேட்டேன். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் எழுந்து, நூற்றுப் பதினான்கு என்றான். என் கையிலிருந்த அட்டையில் 113 என்றிருந்தது. தவறு என்றேன். தவ்பா அத்தியாயம் பிஸ்மில்லாஹ் இன்றித் தொடங்குவது தெரியாதா என்று ஒலிபெருக்கியில் வேடிக்கையாக ஒரு சொல்லும் சேர்த்தேன். பந்தல் முழுவதும் சிரித்தது. சிறுவன் அமர்ந்தான், அதன்பின் எந்த வினாவுக்கும் எழவில்லை.

திரும்பும் பேருந்தில்தான் நெஞ்சு துணுக்குற்றது. அத்தியாயங்களின் தொடக்கத்தில் எத்தனை முறை என்று கேட்க நினைத்து, குர்ஆனில் எத்தனை முறை என்று எழுதிவிட்டிருந்தேன். நம்ல் அத்தியாயத்தின் 30ஆம் வசனத்தில், சுலைமான் (அலை) அவர்கள் ஸபா நாட்டு அரசிக்கு வரைந்த மடலில் பிஸ்மில்லாஹ் மீண்டும் ஒருமுறை வருகிறதல்லவா? நான் கேட்ட கேள்விக்குச் சிறுவன் சொன்னதே சரியான விடை. முப்பதாண்டு ஓதிக் கொடுத்தவனின் நிலை இது!

அடுத்த வெள்ளியன்று அவ்வூருக்கே சென்று, ஜும்ஆவுக்குப் பின் ஜமாஅத்தார் முன்னிலையில் என் பிழையைச் சொன்னேன். முத்தவல்லி அவர்கள், இதெல்லாம் பெரிய விஷயமா ஹஸ்ரத் என்றார். அவன் தந்தைக்கு அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது என்பதை அவர் முகத்தில் கண்டேன்.

அதன்பின் என் முறையை மாற்றிக்கொண்டேன். விடைகளை வாயால் கேட்பதில்லை; ஒவ்வோர் அணிக்கும் ஒரு சிலேட்டும் சாக்குத் துண்டும் கொடுத்து எழுதிக் காட்டச் சொல்கிறேன். இப்னு உமர் (ரலி) அவர்களைப் போன்ற கூச்சமுள்ளோர் அணித்தோழனின் காதில் சொன்னால் போதும். திரைக்கு அப்பாலுள்ள தாய்மார்களும் சிலேட்டை நீட்டி விளையாட்டில் கலந்துகொள்கின்றனர். அணிக்கு ஒரு பெரியவர், இரு சிறுவர் என்று கலந்தே அமைக்கிறேன். பாட்டனாருக்குத் தெரியாததைப் பேரன் சொல்லும்போது எழும் ஆரவாரத்துக்கு ஈடில்லை.

மார்க்க வினாக்களோடு மண்ணின் வினாக்களும் வேண்டும். சாத்தனூர்க் கல்மரத்தின் வயது சுமார் 12 கோடி ஆண்டுகள் என்பதும், வேப்பந்தட்டையில் இயங்கும் ஆராய்ச்சி நிலையம் பருத்திக்கானது என்பதும் அங்குள்ள உழவர் வீட்டுப் பிள்ளைகள் மகிழ்ந்து சொல்லும் விடைகள். அக்கம்பக்கத்துப் பிற சமயச் சகோதரரும் அப்போது தயக்கமின்றி அணியில் அமர்வர்.

பரிசு பற்றி ஒரு சொல். அணிதோறும் ஆளுக்கு நூறு ரூபாய் வாங்கி, அத்தொகையையே வென்றவருக்குக் கொடுக்கும் வழக்கம் சில ஊர்களில் தலைகாட்டுகிறது. தோற்றவர் பணம் வென்றவருக்குப் போவது சூதாட்டத்தின் சாயலுடையது. அதனைத் திருமறை மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனத்தில் விலக்கியிருக்கிறது. போட்டியில் சேராத ஒருவர் பரிசளித்தால் தடையில்லை. புத்தகம் போதும், குடம், எவர்சில்வர் தட்டு என்றாலும் குறையில்லை.

நேரமும் முக்கியம். இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நபியவர்கள் விரும்பவில்லை. கல்விக்காக விழித்திருக்க இடமுண்டு. அதற்காக நள்ளிரவு வரை இழுத்துச் சென்று ஃபஜ்ரைத் தவறவிடுவது என்ன நியாயம்? நாற்பது வினா, ஒன்றரை மணி நேரம், இடையில் ஒரு குவளைத் தேநீர். ஒலிபெருக்கியைப் பந்தலுக்கு வெளியே கட்ட வேண்டாம்.

எல்லாவற்றினும் மேலாக, வினா அட்டைகளை எழுதியவரே சரிபார்த்தல் ஆகாது. மறு ஆண்டு அதே ஊரார் அழைத்தபோது, நிகழ்ச்சிக்கு முந்திய நாளே சென்று அந்தச் சிறுவனை வரவழைத்தேன். இம்முறை நீ போட்டியில் இல்லை தம்பி, இவற்றைப் படித்துப் பார்த்துச் சொல் என்று நாற்பது அட்டைகளையும் அவன் கையில் கொடுத்தேன். பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்து, அஸர் முதல் மஃரிப் வரை ஒவ்வொன்றாகப் படித்தான். ஆறு அட்டைகளைத் திருப்பித் தந்தான்.