துருத்திக் கமராவும் சமூக முகங்களும்

ஜேர்மனியப் படக்கலைஞர் ஓகஸ்ட் சாண்டரின் உருவப்படங்களை, அவர் கையாண்ட துருத்திக் கமராவினின்றும் பிரித்து நாம் மதிப்பிட இயலாது. முன்னே வில்லை, பின்னே மங்கற் கண்ணாடி. இடையிலுள்ள ஒளிபுகாத் துருத்தியை நீட்டியும் சுருக்கியும் உருவம் தெளிவாக்கப்பட்டது. பின்னர் 13×18 சென்ரிமீற்றர் கண்ணாடித் தகடு செருகப்பட்டது. ஒளி பதியும்வரை எதிரில் நிற்பவர் அசையாதிருத்தல் வேண்டும். எனவே தமது தோற்றத்தைத் தாமே தீர்மானிக்கும் அவகாசம் முதலாளிக்கும் கூலியாளுக்கும் ஒருங்கே கிட்டியது.

1929இல் வெளிவந்த 'காலத்தின் முகம்' என்னும் அவரது நூலின் 60 படங்கள், குடியானவரில் தொடங்கி வேலையற்றோரில் முடிவன. 1936இல் நாசி ஆட்சி அந்நூலின் அச்சுத் தகடுகளை அழித்தது. 'தூய இனம்' என்ற ஒற்றை முகத்தை வலியுறுத்திய ஆட்சிக்கு, சமூகத்தின் பன்முகங்கள் உவப்பாயிருக்கவில்லை எனலாம். கருவி எவர்முன் நிறுத்தப்படுகிறது என்பதிலேயே அதன் சமூகப் பொருள் தங்கியுள்ளது.